கூடுவாஞ்சேரிப் பக்கம் மனை வாங்கி வீடு கட்டிக் குடியேறுபவர்களுக்கு: ஆவணங்கள், செலவு, காலம்

சென்னைக்குத் தெற்கே நாம் கூடுவாஞ்சேரி என்று பொதுவாகச் சொல்லும் இடம் அரசாங்கக் காகிதத்தில் பல கிராமங்கள். நந்திவரமும் கூடுவாஞ்சேரியும் சேர்ந்து ஒரு நகராட்சி. நெல்லிக்குப்பம் சாலையில் உள்ளே போனால் பெருமாட்டுநல்லூர், காயரம்பேடு என்று தனித்தனி ஊராட்சிகள். வடக்கே ஊரப்பாக்கம் இன்னொரு ஊராட்சி. ரயில் பாதைக்கு மேற்கே ஆதனூர், மாடம்பாக்கம் என்று போனால் மாவட்டமே மாறிவிடும். மனை விற்பவர்களின் பலகையில் மட்டும் இவை எல்லாமே கூடுவாஞ்சேரிதான்.

2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு இந்தப் பக்கம் மனை தேடி வருபவர்கள் அதிகமாகிவிட்டார்கள். நான் இங்கே மனை வாங்கி, வீடு கட்டி, கடைசி அட்டையில் முகவரி மாற்றும் வரை அலைந்த அலைச்சல் கொஞ்சமில்லை. ஒவ்வொரு அலுவலகத்திலும் அவரவர் வேலையைச் சரியாகச் சொன்னார்கள். எதற்குப் பின் எது என்ற முழு வரிசையை மட்டும் யாரும் சொல்லவில்லை. அந்த வரிசைதான் இது.

1. கிராமத்தின் பெயரைக் கேளுங்கள்

விலையைக் கேட்பதற்கு முன் நான்கு விஷயங்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: வருவாய்க் கிராமம், வட்டம், உள்ளாட்சி, சார்பதிவாளர் அலுவலகம். புல எண்ணையும் (சர்வே நம்பர்) உட்பிரிவு எண்ணையும் கூடவே வாங்கிவிடுங்கள். பட்டா வேலை எல்லாம் வருவாய்க் கிராமத்தை வைத்து நடக்கும். வீட்டு வரியும் கட்டட அனுமதியும் உள்ளாட்சியிடம். பத்திரம் எங்கே பதிவாகும் என்பது தனிக் கணக்கு. பதிவுத் துறை இணையதளத்தில் கிராமத்தின் பெயரைக் கொடுத்தால் எந்த அலுவலகம் என்று வந்துவிடும்.

அஞ்சல் குறியீட்டை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். 603202 என்று போட்டிருந்தால் தபால் வரும், அவ்வளவுதான்.

இங்கே பலரும் தடுமாறும் இடங்கள் சில உண்டு. மாடம்பாக்கம் என்ற பெயரில் இரண்டு ஊர்கள் இருக்கின்றன. ஒன்று சேலையூர் தாண்டி, இப்போது தாம்பரம் மாநகராட்சிக்குள் இருப்பது. இன்னொன்று கூடுவாஞ்சேரிக்கு மேற்கே, காஞ்சிபுரம் மாவட்டம் குன்றத்தூர் ஒன்றியத்தில் இருப்பது. விலை, வெள்ளம், அலுவலகம் என எல்லாமே வேறு வேறு. ஆதனூரும் அதே குன்றத்தூர் ஒன்றியம்தான். அங்கே மனை வாங்கிவிட்டுச் செங்கல்பட்டு கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுத்தால் திருப்பித்தான் அனுப்புவார்கள்.

காட்டாங்கொளத்தூர் விஷயமும் இப்படித்தான். காட்டாங்கொளத்தூர் ஊர் மறைமலை நகர் நகராட்சிக்குள் இருக்கிறது. காட்டாங்கொளத்தூர் ஒன்றியம் என்பது ஊரப்பாக்கம், காயரம்பேடு போன்ற ஊராட்சிகளின் ஒன்றியம். விற்பவர் "காட்டாங்கொளத்தூர் லிமிட்" என்று சொன்னால் ஊரா, ஒன்றியமா என்று கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

பழைய பத்திரங்களைப் பார்க்கும்போது மாவட்டத்தின் பெயர் மாறி மாறி வரும். 1997-க்கு முந்தியதில் செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம், அதன் பிறகு காஞ்சிபுரம், 2019 நவம்பருக்குப் பிறகு செங்கல்பட்டு. வட்டமும் செங்கல்பட்டிலிருந்து வண்டலூருக்கு மாறியிருக்கும். இதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆனால் கிராமத்தின் பெயரும் புல எண்ணும் மாறாமல் தொடர்ந்து வர வேண்டும். அதில் வித்தியாசம் தெரிந்தால் அங்கேயே நிறுத்தி விளக்கம் கேளுங்கள்.

2. மழையில் போய்ப் பாருங்கள்

இது ஏரிகள் நிறைந்த பகுதி. நந்திவரம் ஏரி நிரம்பினால் உபரி நீர் தாழ்வான நகர்களைத் தேடித்தான் போகும். அடையாறு தொடங்கும் பகுதியே ஆதனூர்ப் பக்கம்தான். 2015-லும் 2021-லும் இங்கே பல தெருக்களில் தண்ணீர் நின்றது. முடிந்தால் நவம்பர் மாதம், நல்ல மழை பெய்த மறுநாள் காலையில் மனையைப் பாருங்கள். சித்திரை வெயிலில் எந்த மனையும் மேடாகத்தான் தெரியும்.

மழைக்காலம் வரை காத்திருக்க முடியாதென்றால் பக்கத்து வீடுகளைக் கவனியுங்கள். மதில் சுவரில் ஒரே மட்டத்தில் பழுப்புக் கோடு ஓடுகிறதா? மீட்டர் பெட்டியை வழக்கத்தைவிட உயரத்தில் வைத்திருக்கிறார்களா? புதிதாகக் கட்டியவர்கள் எல்லோரும் வாசலுக்கு ஐந்தாறு படி வைத்திருக்கிறார்களா? அந்தத் தெருவில் குடியிருக்கும் ஒரு அம்மாவிடம் "மழை வந்தா எதுவரைக்கும் தண்ணி நிக்கும்மா?" என்று கேளுங்கள். கையால் காட்டிவிடுவார். அந்த உயரத்தைக் குறித்து வைத்துக்கொண்டு பிறகு விலை பேசுங்கள்.

அப்படியே குடிநீரையும் கேட்டுவிடுங்கள். போர் எத்தனை அடி, கோடையில் வற்றுமா, குடிக்க முடியுமா, கேன் வாங்குகிறார்களா என்று. பாதாளச் சாக்கடை இல்லாத தெருவில் செப்டிக் டேங்க்தான். கழிவுநீர் லாரி திரும்பும் அளவுக்குத் தெரு அகலமாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

3. இலவசமாகப் பார்க்கக்கூடியதை முதலில் பாருங்கள்

வக்கீலிடம் போவதற்கு முன் வீட்டிலிருந்தே பார்க்கக்கூடியவை நிறைய. தமிழக அரசின் நில ஆவண இணையதளத்தில் பட்டா, அ-பதிவேடு (கிராமத்தின் நில விவரப் பதிவேடு), புலப்பட வரைபடம் (எஃப்.எம்.பி. என்பார்கள்) மூன்றையும் காசில்லாமல் எடுக்கலாம். அது புறம்போக்கு நிலமா என்று சரிபார்க்கவும் அங்கேயே வசதி உண்டு. நகராட்சிக்குள் சில இடங்களுக்கு நகர நில அளவைப் பதிவேடு தனியாக இருக்கும். அங்கே வார்டு, பிளாக் எண் கேட்கும்.

எஃப்.எம்.பி.யைக் கையில் வைத்துக்கொண்டு மனைக்குப் போங்கள். வரைபடத்தில் வாய்க்காலோ ஓடையோ வண்டிப்பாதையோ உங்கள் புல எண்ணை ஒட்டி ஓடுகிறதா என்று பாருங்கள். தரையில் அது சீமைக் கருவேலத்துக்கு அடியில் மறைந்திருக்கும், இல்லையென்றால் மண் கொட்டி மூடியிருப்பார்கள். காகிதத்தில் இருக்கும் வாய்க்கால் என்றைக்கு வேண்டுமானாலும் திரும்ப வரும். மழையாக வரலாம், ஆக்கிரமிப்பு நோட்டீஸாகவும் வரலாம்.

நிலத்தின் மேல் இதுவரை நடந்த பதிவுகளைக் காட்டும் வில்லங்கச் சான்றைப் பதிவுத் துறை இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இன்றைய உட்பிரிவு எண்ணை மட்டும் போட்டுத் தேடினால் பாதிதான் வரும். உதாரணத்துக்கு, இன்று 112/3ஏ1 என்று இருக்கும் நிலம் ஒரு காலத்தில் 112/3 ஆக இருந்திருக்கும், அதற்கு முன் வெறும் 112. மூன்றையும் தனித்தனியாகப் போட்டுத் தேடுங்கள். பழைய அடமானமும் பாகப்பிரிவினையும் அதில்தான் கிடைக்கும். வங்கிக் கடன் வாங்கப் போகிறீர்கள் என்றால் அவர்களின் வக்கீல் பொதுவாக 30 ஆண்டு வில்லங்கம் கேட்பார்.

வில்லங்கத்தில் வராதவையும் உண்டு. பதிவு செய்யாத ஒப்பந்தம் வராது. வாரிசுகளுக்குள் ஓடும் சண்டை வராது. நிலம் பரம்பரைச் சொத்து என்றால் வாரிசுச் சான்றிதழை வாங்கி, அதில் இருக்கும் ஒவ்வொரு பெயருக்கும் கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். "தங்கச்சி கல்யாணமாகிப் போயிட்டா, அவ கையெழுத்து வேண்டாம்" என்று சொன்னால் அந்த இடத்தை விட்டுவிடுவதே நல்லது. மகள்களுக்கும் சம உரிமை உண்டு.

உரிமையாளருக்குப் பதிலாக, பவர் (அதிகாரப் பத்திரம்) வாங்கியவர் விற்கிறார் என்றால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருப்பதற்கான சான்றும் பவர் ரத்தாகவில்லை என்ற உறுதியும் வேண்டும். தாய்ப்பத்திரத்தை, அதாவது விற்பவருக்கு நிலம் வந்த பழைய பத்திரத்தை, அசலாகக் கண்ணால் பாருங்கள். ஜெராக்ஸ் மட்டும் காட்டினால் அசல் எங்கோ அடமானத்தில் இருக்கலாம்.

நல்ல வக்கீல் ஒருவரிடம் கருத்துரை வாங்குவதற்கு ஆகும் செலவைச் சேமிக்க நினைக்காதீர்கள். விற்பவர் பரிந்துரைக்கும் வக்கீல் வேண்டாம்.

4. அங்கீகாரம்: "பஞ்சாயத்து அப்ரூவல்" என்று ஒன்று கிடையாது

இந்தப் பகுதியில் ஏமாற்றம் அதிகம் நடப்பது இதில்தான். மனைப்பிரிவுக்கு (லேஅவுட்) அங்கீகாரம் தரும் அதிகாரம் ஊராட்சித் தலைவருக்கு இல்லை. நகர ஊரமைப்பு இயக்ககமோ (டி.டி.சி.பி.) சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமமோ (சி.எம்.டி.ஏ.) தொழில்நுட்ப அனுமதி தந்து, சாலையும் பூங்கா இடமும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரமாக எழுதிக் கொடுத்த பிறகு, உள்ளாட்சி இறுதி ஒப்புதல் தரும். விற்பவரிடம் அங்கீகார எண்ணையும் முத்திரையிட்ட வரைபடத்தையும் கேளுங்கள். வரைபடத்தில் உங்கள் மனை எண் இருக்கிறதா, அளவு பொருந்துகிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். சில இடங்களில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தையே மனை எண் போட்டுக் காட்டுவார்கள்.

500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலம், அல்லது எட்டு மனைகளுக்கு மேல் என்றால் ரெரா (மனை வணிக ஒழுங்குமுறை ஆணையம்) பதிவும் வேண்டும். எண்ணை வாங்கி ரெரா இணையதளத்தில் நீங்களே தட்டிப் பாருங்கள்.

அங்கீகாரம் இல்லாத மனை என்றால் 2016 அக்டோபர் 20 என்ற தேதியை நினைவில் வையுங்கள். அதற்கு முன் மனையாகப் பதிவானவற்றை வரன்முறைப்படுத்த 2017-ல் விதிகள் வந்தன. அதற்குப் பின் புதிதாகப் பிரித்த அங்கீகாரமில்லா மனை விலை மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். பத்திரம் பதிவதே சிக்கல், கட்டட அனுமதியும் கிடைக்காது. வரன்முறைப்படுத்தியது என்று சொன்னால் உங்கள் மனை எண்ணுக்கான ஆணை வேண்டும். "மொத்த லேஅவுட்டுக்கும் வாங்கியாச்சு சார்" என்ற பதில் போதாது, லேஅவுட்டுக்குத் தனி, மனைக்குத் தனி. "அப்ளை பண்ணியிருக்கோம், அடுத்த மாசம் வந்துடும்" என்றால், வந்த பிறகு பணம் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள். முன்பணம் கொடுத்துவிட்டு அந்த அடுத்த மாதத்துக்காகக் காத்திருப்பவர்கள் இங்கே பலர்.

5. பதிவு நாளும் பதிவுச் செலவும்

கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஆக 9. அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பு, நீங்கள் கொடுக்கும் விலை இரண்டில் எது அதிகமோ அதற்குக் கணக்கு. 20 லட்ச ரூபாய் மனை என்றால் 1,40,000 தீர்வை, 40,000 கட்டணம், மொத்தம் 1,80,000 ரூபாய். மனை விலையை மட்டும் கணக்குப் போட்டு வருபவர்களுக்கு இந்தத் தொகைதான் திடீரென்று இடிக்கும். 2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்ச ரூபாய் மதிப்பு வரை பெண்கள் பெயரில் பதிவு செய்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. சிறிய மனை என்றால் அம்மா பெயரிலோ மனைவி பெயரிலோ பதிவதை யோசிக்கலாம்.

பத்திர எழுத்தருக்கோ வக்கீலுக்கோ எழுதும் கூலி தனி. அதை முன்பே பேசி முடியுங்கள். அதற்கு மேல் "உள்ளே கொடுக்கணும்" என்று யாராவது கேட்டால் எந்த ரசீதுக்கு என்று திருப்பிக் கேளுங்கள். விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் போனால் வாங்குபவர் விற்பவருக்குத் தரும் பணத்தில் 1 சதவீதம் வருமான வரியாகப் பிடித்துக் கட்ட வேண்டும்.

பதிவு நாளுக்கான டோக்கனை இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். முகூர்த்த நாட்களில் கூட்டம் நெரியும், சாதாரண நாளைத் தேர்ந்தெடுத்தால் நிம்மதி. இரு தரப்பின் ஆதார், பான், இரண்டு சாட்சிகளும் அவர்களின் அடையாள அட்டையும் தேவை. மனையின் புகைப்படம் கேட்பார்கள்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் சொத்து விவரப் பகுதியைச் சத்தமாகப் படியுங்கள், கூட வந்தவர் தாய்ப்பத்திரத்தைப் பார்த்துக்கொண்டு வரட்டும். மாவட்டம், வட்டம், கிராமம், பழைய புல எண், புதிய புல எண், மனை எண், நான்கு எல்லை, நான்கு பக்கத்தின் அடி அளவு, மொத்தச் சதுர அடி. இதில் ஒரு எண் பிசகினால் பிழைதிருத்தல் பத்திரம் போட வேண்டும். அதற்கு விற்றவரும் வந்து கையெழுத்திட வேண்டும். பணம் கைக்குப் போன பிறகு அவரைத் திரும்ப வரவழைப்பது எவ்வளவு பாடு என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

6. பட்டா உங்கள் பெயருக்கு வந்ததா என்று பாருங்கள்

பத்திரம் பதிந்தால் எல்லாம் முடிந்தது என்று பலர் இருந்துவிடுகிறார்கள். விற்றவர் பெயரிலேயே தனிப் பட்டா இருந்து, அந்த உட்பிரிவு முழுவதையும் நீங்கள் வாங்கியிருந்தால், பதிவோடு பட்டா தானாகவே மாறும் வசதி இருக்கிறது. உட்பிரிவு செய்ய வேண்டிய மனை என்றால் விண்ணப்பம் தாலுகா அலுவலகத்துக்குப் போய், சர்வேயர் வந்து அளந்த பிறகுதான் மாறும். வாங்கும்போதே "இந்த லேஅவுட்டுக்கு உட்பிரிவு முடிந்ததா?" என்று கேளுங்கள். முடிந்த லேஅவுட்டில் இந்தக் கட்டத்தின் அலைச்சல் பெருமளவு மிச்சம்.

இ-சேவை மையத்தில் பட்டா மாறுதல் விண்ணப்பத்துக்கு 60 ரூபாய். உட்பிரிவுக் கட்டணம் தனி. விதிப்படி உட்பிரிவு இல்லாததற்கு 15 நாள், உட்பிரிவு உள்ளதற்கு 30 நாள். நடைமுறையில் இரண்டாவது இழுக்கும். விண்ணப்ப எண்ணை வைத்து நிலையை வாரம் ஒரு முறை இணையத்தில் பாருங்கள். "நிராகரிக்கப்பட்டது" என்று வந்தால் காரணம் என்ன என்று எழுத்தில் இருக்கும், அதை எடுத்து வைத்துக்கொண்டு பேசுங்கள். பெரும்பாலும் தாய்ப்பத்திரம் இணைக்கவில்லை, பெயரில் எழுத்து வித்தியாசம் என்ற அளவில்தான் இருக்கும். நியாயமில்லாமல் மறுத்தால் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

சர்வேயர் வரும் நாளில் நீங்களோ உங்கள் ஆளோ கட்டாயம் அங்கே இருங்கள். பக்கத்து மனைக்காரருக்கும் சொல்லி அனுப்புங்கள். அவர் முன்னிலையில் கல் நட்டால் பின்னால் தகராறு வராது. நட்ட கையோடு ஒவ்வொரு கல்லையும் பின்னணியில் ஏதாவது வீடோ கம்பமோ தெரியும்படி படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கல் பிடுங்கப்படும் ஊர் இது.

7. கட்டட அனுமதி

2024 ஜூலையிலிருந்து சுயசான்றுத் திட்டம் நடைமுறையில் இருக்கிறது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில், தரைத்தளம் அல்லது தரையும் ஒரு மாடியும் சேர்த்து 3,500 சதுர அடிக்குள் வீடு கட்டினால், இணையத்தில் விண்ணப்பித்து உடனே அனுமதி பெறலாம். பத்திரம், பட்டா, அங்கீகரித்த மனை வரைபடம், வீட்டின் வரைபடம் தேவை. கட்டணம் சதுர அடிக்கு இவ்வளவு என்று உள்ளாட்சிக்கு உள்ளாட்சி மாறும், இணையதளத்திலேயே கணக்கு வரும். இடைத்தரகர் தேவையே இல்லாத வேலை இது. வரைபடம் போடும் பொறியாளரே விண்ணப்பித்துத் தருவார்.

பட்டாவை ஏன் முதலில் முடிக்கச் சொன்னேன் என்பது இங்கே புரியும். பத்திரத்தில் ஒரு அளவும் பட்டாவில் ஒரு அளவும் இருந்தால் இந்த இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

நகராட்சிக்குள் மனை வாங்கியிருந்தால் காலிமனை வரி பாக்கி இருக்கிறதா என்று முதலிலேயே விசாரியுங்கள். விற்றவர் பல வருடம் கட்டாமல் விட்டிருந்தால் அனுமதி கேட்கும் நேரத்தில் உங்கள் தலையில் விழும். கிரயம் பேசும்போதே அதை விற்பவர் கட்டி ரசீது தர வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.

8. கரண்ட், வரி எண்

கட்டுமானத்துக்குத் தற்காலிக இணைப்பு வாங்குவீர்கள். அதன் யூனிட் கட்டணம் வீட்டுக் கட்டணத்தைவிட நன்றாக அதிகம். வீடு முடிந்ததும் வீட்டு இணைப்பாக மாற்ற விண்ணப்பம் கொடுக்க வேண்டும், தானாக மாறாது. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதும் மாற்றிய பிறகுதான். குடிவந்த களைப்பில் இதை மறந்து, மாதக்கணக்கில் கட்டுமானக் கட்டணம் கட்டிக்கொண்டிருக்கும் வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு.

வீட்டு வரிக்கு நகராட்சி என்றால் நகராட்சி இணையதளம், ஊராட்சி என்றால் ஊராட்சிகளுக்கான தனி இணையதளம். பத்திரம், பட்டா, கட்டட அனுமதி, மின் இணைப்பு எண் கேட்பார்கள். நகராட்சியில் வரி அரையாண்டுக்கு ஒருமுறை. ஏப்ரல் 30-க்குள்ளும் அக்டோபர் 31-க்குள்ளும் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு. ரசீதில் கதவு எண், தெருப் பெயர், உங்கள் பெயர் மூன்றும் ஆதாரில் இருப்பதைப் போல இருக்கின்றனவா என்று அன்றே பாருங்கள். அடுத்த கட்டம் முழுக்க இந்த ரசீதின் மேல்தான் நிற்கும்.

ஊராட்சிகளை நகராட்சியோடு இணைக்கும் அறிவிப்பு எந்த ஆண்டும் வரலாம். வந்தால் பழைய ரசீதுகளைத் தூக்கிப் போடாதீர்கள். புதிய எண் கேட்கும்போது பழைய எண்ணும் கேட்பார்கள்.

9. முகவரி மாற்றம், இந்த வரிசையில்

முதலில் ஆதார். அடுத்து ரேஷன் அட்டை, கேஸ், வங்கி. வாக்காளர் அட்டைக்குப் படிவம் 8. ஆதாரில் முகவரி எழுதும்போது "கூடுவாஞ்சேரி" என்று மட்டும் விட்டுவிடாமல் கிராமம், வட்டம், மாவட்டம் மூன்றையும் வரி ரசீதில் உள்ளபடியே போடுங்கள். ரேஷன் அட்டைக்குக் கடை ஒதுக்குவது இந்த முகவரியை வைத்துத்தான். கிராமம் தவறினால் எளிதில் போய்வர முடியாத தூரத்தில் ஒரு கடை வந்து விழும், அதை மாற்ற மறுபடி விண்ணப்பம்.

வாடகைக்கு வருபவர்கள் முதல் இரண்டு படிகளையும் இந்தக் கடைசிப் படியையும் செய்தால் போதும். எழுத்துபூர்வ வாடகை ஒப்பந்தம் கட்டாயம் வேண்டும். அதில் வீட்டு உரிமையாளரின் மின் இணைப்பு எண்ணையும் வரி எண்ணையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள், சிலிண்டர் மாற்றுவதற்கும் பள்ளிச் சேர்க்கைக்கும் அதையே காட்டலாம்.

எல்லா ரசீதுகளையும் ஒரே கோப்பில் தேதிவாரியாக வைத்து, இரண்டு செட் நகல் எடுத்து, ஒரு செட்டை ஊரில் அம்மா அப்பா வீட்டில் கொடுத்து வையுங்கள். தண்ணீர் புகும் தெருவில் வீடு என்றால் அசலை மேல்மாடியில் வையுங்கள்.